நெட்டுக்குப்பத்து ரெய்டு ஐயா

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, பென்ஷன் வாழ்க்கையை ஒத்திகை பார்ப்பதற்காக ஆபீசில் ஒரு வாரம் லீவு எடுத்தேன். முதல் நாள் பத்திரிகையை விளம்பரம் உட்படப் படித்தேன். இரண்டாம் நாள் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். என் மனைவி பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அதுதான் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு நான் எங்கே இருந்தேன் என்றால், ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், மோர் விற்பவளின் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை. பங்கா விசிறி இழுக்கிறவன் தன் சோற்று மூட்டையை அதன்மேல் வைத்திருந்தான். ஆபீஸ் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.

லீவு முடிந்து ஆபீசுக்குப் போன வாரத்துச் சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் துரை கூப்பிட்டார். ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் தருவதாகவும், வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை காலை சொல்லவேண்டுமென்றும் உத்தரவாயிற்று. வீட்டில் வந்து யோசனை கேட்டேன்.

"ஒரு வருஷம்தானா? இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேக்கக்கூடாதா?" என்றாள் என் மனைவி.

அவளுடைய ஆவல் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. துரையின் தாராளமும் கொடுத்தது. எல்லாவற்றையும்விட ராஜமாணிக்கத்தின் கன்னங்கள் கொடுத்தன.

ராஜமாணிக்கம் எனக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவர். ஹெட் கிளார்க்காக இருந்த காலத்தில் வயிற்றுவலி, தலைவலி, மேலதிகாரி ஆகிய மூன்றையும் சமமாகத் திட்டிக்கொண்டிருந்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் பென்ஷன் வாங்கிக்கொண்டு எண்ணூருக்கு அப்பால் நெட்டுக்குப்பத்தில் ஒரு சிறு ஓட்டு வீட்டில் குடியேறினார். மாதப் பிறப்பில் பென்ஷன் பணம் வாங்கப் பட்டணம் வருவார். மற்றப் பென்ஷன்தாரர்கள் கஜானா வாசலில் நிற்கும் தோரணை நமக்குத் தெரியும்: தொலைந்த குடையைத் தேடுகிறவர்கள்போல் இருப்பார்கள். இவரோ கன்னம் பூரித்து, வெயிலில் கறுத்து, சீட்டியடித்துக்கொண்டு வந்தார். "ரொம்ப ஆனந்தமா இருக்கேனய்யா" என்றார் போன தடவை. முப்பது வருஷம் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத சொல் அது.

பென்ஷனில் ஒருவன் ஆனந்தமாக இருக்கிறான் என்றால், ஒன்று ரகசியமாக வேறு உத்தியோகம் பார்க்கிறான்; அல்லது ரகசியமாக வேறு குடும்பம் வைத்திருக்கிறான்; அல்லது பொய் சொல்கிறான். எது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் துரைக்குப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன். சொல்லிவிட்டுப் போனால் மறைத்துவிடுவார். ஆகவே சொல்லாமல் புறப்பட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. ராயபுரம் ஸ்டேஷன். ஸ்டேஷன் கடிகாரம் ஏழு காட்டியது, என் கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது. சர்க்கார் கடிகாரத்தை நான் எப்போதும் நம்புவதில்லை. வாசலில் நின்று நிதானமாக ஒரு காப்பி குடித்தேன். வண்டி என் கண்ணெதிரே போயிற்று. அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்து. அதுவரை பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருந்தால் மறுபடியும் ஒத்திகையாகிவிடும் என்று, வாசலில் நின்ற ஜட்காவை எண்ணூர் வரை ஒரு ரூபாய்க்குப் பேசினேன். எட்டு மைலுக்குச் சற்று அதிகம்.

வண்டிக்காரன் காதர், என் வயசுக்காரன். குதிரை எங்கள் இருவருக்கும் மூத்ததாகத் தெரிந்தது.

"போய்ச் சேருமா பாய்?" என்றேன்.

"இன்னா சாமி அப்டி கேட்டுட்டே? இது பட்டாளத்து பல்டன் குதுர. தொரைங்கள தூக்கிகினு ஓடினது. வயசாச்சுன்னு ரிட்டேரு பண்ணி ஏலம் போட்டாங்கோ. நான் எட்தேன்."

"ரிட்டயர் ஆன குதிரையை வண்டியில் பூட்டலாமா?"

"பின்னே? சும்மா வுட்டா செத்துப்பூடும் சாமி."

அவன் யதார்த்தமாகத்தான் சொன்னான். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதுபோல் பட்டது. கல்மண்டபம் தாண்டும்வரை குதிரையையே பார்த்துக்கொண்டு போனேன்.

மீன் கூடைகளும் வலைகளும் ஒருபுறம், ரயில் தண்டவாளமும் நிலக்கரிக் குவியல்களும் மறுபுறம். தண்டையார்பேட்டையில் மண்ணெண்ணெய்க் கிடங்குகளின் பெரிய இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றிலேயே ஒரு தீக்குச்சி கிழித்தால் எரியும்போல் நாற்றம். காதர் அங்கே பீடியைப் பற்றவைத்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

திருவொற்றியூர் வரை நாலு மைல் குதிரை மரியாதையாகவே ஓடிற்று. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் எதிர்ப்பட்டது. முன்னால் பாண்டு வாத்தியம். ஊதுகொம்பு முழங்கியதும் நம் குதிரை காதை நிமிர்த்திற்று, நின்றது, பிறகு மெல்லத் திரும்பி, கால்களைத் தாளத்துக்குத் தூக்கி வைத்து, ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டது. காதர் கடிவாளத்தை இழுத்தான், உருதுவில் கெஞ்சினான், தமிழில் திட்டினான். குதிரை கேட்கவில்லை. அதன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டுவிட்டு, அடுத்த தெருவரை அப்படியே ஊர்வலம் போனேன்.

"பேஜாரா பூட்ச்சு சாமி. கொட்டு நிக்காம இது வராது. நீ எறங்கிக்கோ" என்றான் காதர். பத்தணா கொடுத்து இறங்கி, ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஒன்றரை அணா டிக்கெட். நான் ராயபுரத்தில் காத்திருக்க மறுத்த அதே இரண்டாவது வண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டது.

காலை பத்து மணி. எண்ணூர். ஒரு காலத்தில் துரைமார் காற்று வாங்க வந்து தங்கிய ஊர் என்கிறார்கள். அவர்கள் வாங்கியது போக மீதியும் தாராளமாகவே இருக்கிறது. என் தலைப்பாகையை இரண்டு தடவை மணலில் துரத்திப் பிடித்தேன். ஸ்டேஷனிலிருந்து நெட்டுக்குப்பத்துக்கு இரண்டு மைல் மணல் நடை. மேற்கே உப்பளங்கள், வெள்ளைக் குவியல்களின்மேல் ஓலை மூடியிருக்கும், பக்கத்திலே காவல் சேவகன் நிற்பான். உப்பு சர்க்காருடையது. உப்பங்கழிக் கரையில் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை ஒருவன் கஞ்சிக்காக ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். இங்கே எல்லாரும் அள்ளுகிறார்கள் என்பதும், யாரும் அள்ளவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ராஜமாணிக்கத்தின் வீட்டுக் கதவில் பலகை தொங்கியது. இங்கிலீஷில் அவர் பெயர். அதற்குக் கீழே, ரிட்டயர்டு என்பதன் சுருக்கமாக நாலு எழுத்து. பிறகு ஹெட் கிளார்க். அவர் மனைவி ருக்மணி அம்மாள் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்களே. அவர் டூட்டிக்குப் போயிருக்காரே."

எனக்குள் மணி அடித்தது. "டூட்டியா? ஞாயிற்றுக்கிழமையா?"

"ஞாயிறு அரை நாள்தான். பன்னிரண்டுக்கு வந்துடுவார்."

"எந்த ஆபீஸ் அம்மா?"

அவள் புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "தோணித் துறைக்குப் போய்ப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். போகும்போது இந்த மோரைக் குடிச்சிட்டுப் போங்க."

ரகசிய உத்தியோகம்! மூன்று சந்தேகங்களில் முதலாவது ருசுவாகிவிட்டது என்று மகிழ்ந்து, மோரைக் குடித்துவிட்டு நடந்தேன்.

துறையில் ஒரு தோணி அக்கரைக்குக் காத்திருந்தது. தோணிக்காரன் மன்னாரு துடுப்பின்மேல் சாய்ந்திருந்தான். கன்னியம்மா என்கிற மீன்காரி காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கோட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"ராஜமாணிக்கம் என்று ஒருவர் இங்கே..." என்று ஆரம்பித்தேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெய்டு ஐயாவா?" என்றாள் கன்னியம்மா தணிந்த குரலில்.

"என்ன ஐயா?"

"ரெய்டு ஐயா. உப்பு ரெய்டு. பலகையிலே இங்கிலீசுல போட்டுகினு கீதே. மிசன் இஸ்கூல்ல படிச்ச எங்க மச்சான் எழுத்து கூட்டிப் படிச்சான், ரெய்டு எட்டு கிளார்க்குன்னு."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. ரிட்டயர்டின் அந்த நாலு எழுத்துத்தான் ரெய்டு ஆகியிருக்கிறது என்று விளங்கியதும் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

மன்னாரு கேட்டான்: "நீ அவருக்கு மேலா, கீழா?"

"கீழே இருந்தேன். இப்போது அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன்."

"அப்ப மேலதான்" என்று மன்னாரு கன்னியம்மாவிடம் சொன்னான். "நான்தான் இவரைப் பாத்ததுமே சொன்னேனே."

"நீ எங்கடா சொன்னே? வாயில கொயக்கட்ட வெச்சிகினு கீற மாதிரி நின்னுகினு கீறே."

தவறைக் கண்டால் திருத்தாமல் இருக்க எனக்கு வராது; அதற்காகத்தான் இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். அவருக்கும் உப்பு இலாகாவுக்கும் சம்பந்தமே கிடையாது என்றேன். ரிட்டயர்டு என்றால் வேலையிலிருந்து விலகியவர் என்றேன். இப்போது சர்க்கார் அவருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிறது. அதற்குப் பெயர் பென்ஷன். அவர் சும்மா இருக்கிறார் என்றேன்.

"இன்னா வேலைக்கு பாதி சம்பளம்?" என்றாள் கன்னியம்மா.

"ஒரு வேலையும் இல்லை. சும்மா இருப்பதற்குத்தான்."

"எத்தினி நாளைக்கு?"

"சாகும்வரை."

மன்னாரு துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். "நைனா, நான் தோணி தள்ற ஆளு, எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா கேக்கறேன். ஒரு பிடி உப்பு அள்ளுனா புட்சிகினு போற சர்க்காரு, சும்மா கீறவனுக்கு மாசா மாசம் துட்டு குடுக்குதா? இத நான் நம்பணுமா?"

"சத்தியமாக" என்றேன்.

"செரி செரி. நாங்க ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல" என்றாள் கன்னியம்மா, என்னைப் பரிதாபமாகப் பார்த்து. "அதோ அந்தாண்ட, கவுத்துப்போட்ட தோணியாண்ட குந்திகினு கீறாரு, போ."

ராஜமாணிக்கம் கவிழ்ந்த தோணியின் நிழலில், பாய்மேல், கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தார். நான் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆரம்பித்தேன்.

"ரெய்டு ஐயா சௌக்கியமா?"

அவர் முகம் சிவந்தது. "யாரய்யா உமக்குச் சொன்னது?"

"தோணித்துறையிலே. இதுதான் உம்முடைய ஆனந்தமா? ஏழைகளைப் பயமுறுத்தி மீன் வாங்கித் தின்கிறீரா?"

"வாங்கித்தான்யா தின்கிறேன்! காசு கொடுத்து வாங்குகிறேன். அதுதான் வினையாப் போச்சு. இதுவரைக்கும் காசு கொடுத்த ஆபீசரை இவங்க பார்த்ததில்லை. கைநீட்டாத ஆபீசர் ரொம்பப் பெரிய ஆபீசராத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க."

என்னைப் பாயில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். வந்த புதிதில் மூன்று மாதம் இந்த ஊரில் ஒரு மனிதன் அவரை என்ன என்று கேட்கவில்லை. காலையில் பென்சில் சீவுவார். எழுத ஒன்றும் இராது. சாயங்காலம் இன்னொரு பென்சில் சீவுவார். பால்காரியின் கணக்கைத் திருத்தப் போய் அவள் பாலை நிறுத்திவிட்டாள். ருக்மணி அம்மாள் ஒரு நாள் குடையைக் கையில் கொடுத்து, பத்திலிருந்து ஐந்துவரை வெளியே எங்காவது இருந்துவிட்டு வரும்படி சொன்னாளாம். அப்படித்தான் துறைக்கு வந்து உட்கார்ந்தார். அதற்குள் பலகையை யாரோ எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்கள்.

"ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் அதிகமாப் பயந்தாங்க. அப்புறம் விட்டுட்டேன். இப்ப என்ன நடக்குது தெரியுமா? இந்தப் பக்கமாப் போற ஒவ்வொருத்தனும் நின்னு, நான் கேக்காமலே, நேத்து ராத்திரி எங்கே இருந்தான், யாரோட இருந்தான், எதுக்குச் சண்டை போட்டான் எல்லாம் ஒப்பிச்சுட்டுப் போறான். தான் உப்பளப் பக்கமே போகலேன்னு காட்டறதுக்கு! முப்பது வருஷம் ஆபீசிலே எனக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை நிஜம் சொன்னதுண்டா? இங்கே ஊர் முழுக்க என்கிட்ட பேசுது. புருஷன் பெண்சாதி சண்டைக்குக்கூட என்கிட்ட வர்றாங்க. நான் கேட்டுக்கறேன். ம்ம்னு சொல்றேன். அவ்வளவுதான்யா என் டூட்டி. வயிற்றுவலி போன இடம் தெரியலே."

நான் துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீர் துறையிலே அவங்ககிட்ட ஏதாவது சொன்னீரா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீர்?"

"நீர் பென்ஷன் வாங்கினவர், சும்மா இருக்கிறீர் என்று."

அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சற்றுமுன் பூரித்திருந்த கன்னங்கள், கஜானா வாசலில் நிற்கும் மற்றவர்களின் கன்னங்களைப்போல் ஆகிவிட்டன. "சும்மா இருக்கேன்னே சொல்லிட்டீரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

கரையோரமாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். தலையில் முண்டாசு, இடுப்பில் ஒரு சிறு துணி முடிச்சு. துறைப் பக்கமிருந்துதான் வந்தான். ஆகவே என் பிரசங்கம் அவன் காதுக்கு எட்டியிருக்கும். அவன் நின்று பேசினால் ராஜமாணிக்கத்துக்கு ஊர் உண்டு. பேசாமல் போனால் மறுபடி பென்சில்தான். இருவரும் கழியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கவர்னர் வந்தபோதுகூட நான் இப்படி ஒருவனை எதிர்பார்த்துக் காத்திருந்ததில்லை.

அவன் எங்களைத் தாண்டி நாலடி போய்விட்டான். ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அவன் திரும்பி வந்தான். முண்டாசை அவிழ்த்தான். முடிச்சையும் அவிழ்த்து நீட்டினான். "ஐயா, பாத்துக்கோங்கோ. இது உப்பு இல்ல, மணலு. எங்கூட்டுக்காரி பாத்திரம் தேய்க்கக் கேட்டா."

"ம்ம்" என்றார் ராஜமாணிக்கம். அந்த 'ம்ம்' அடிவயிற்றிலிருந்து வந்தது.

மணலில் என்னவோ பளபளத்தது. நான் பார்த்தேன், ராஜமாணிக்கம் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி மாமியார் வீட்டுக்குப் போனதையும், மாமியார் சோறு போடாததையும், தன் மைத்துனன் ஒரு சோமாரி என்பதையும் அவன் விஸ்தாரமாகச் சொன்னான். கிளம்பும்போது குனிந்து ராஜமாணிக்கத்தின் காதருகே, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்:

"உங்க தோஸ்து கெட்டிக்காரருங்கோ. ஐயா சும்மா கீறாருன்னு தொறையில சாதிச்சுட்டாரு. நாங்களும் நம்பின மாதிரியே காட்டிகினோம்."

பகல் சாப்பாடு நன்றாக இருந்தது. ருக்மணி அம்மாள் இறால் வறுத்திருந்தாள். அவள் பரிமாறும்போது ராஜமாணிக்கம் சீட்டியடித்தார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அவளுக்குப் பத்திலிருந்து ஐந்துவரை வீடு தன்னுடையது. ஊருக்கு ஒரு ஆபீசர். ஆபீசருக்கு ஒரு ஊர். நாலு இங்கிலீஷ் எழுத்தைத் தப்பாகப் படித்ததில் இத்தனை பேருக்குச் சௌகரியம்.

மாலை ஐந்து மணி வண்டிக்கு ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்பினார். திரும்புகிற வழியெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வந்த காரியம் முடிந்துவிட்டது. அவர் ஆனந்தமாக இருப்பது பொய்யல்ல. ஆனால் அது பென்ஷனின் ஆனந்தமும் அல்ல. அவர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்று ஒரு ஊரே நம்புகிற ஆனந்தம். அந்த மாதிரி ஒரு ஊர் எனக்கு எங்கே கிடைக்கும்? ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொருவனுக்கும் என் சம்பளம், என் வயது, என் மூட்டுவலி எல்லாம் தெரியும். எவனும் என்னை எதற்கும் சந்தேகப்படமாட்டான். திருவொற்றியூர் தாண்டும்போது எங்கோ தூரத்தில் பாண்டு வாத்தியம் கேட்டது. காதரின் குதிரை வீடு திரும்பிற்றோ இல்லையோ.

திங்கட்கிழமை காலை துரையிடம் எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்று சொன்னேன். என்னைச் சந்தேகிக்கக்கூடிய ஊர் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வருஷமாவது வேண்டாமா?

அந்த வாரமே ஒரு நாள், புதிதாகச் சலவை செய்த கோட்டு, குடை, தலைப்பாகை சகிதம், சர்க்கார் இன்னும் என்னை விடமாட்டேனென்கிறது என்ற மிடுக்கோடு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்மண்டபத்தருகே கன்னியம்மா மீன் கூடையோடு எதிரே வந்தாள். அடையாளம் கண்டுகொண்டு நின்றாள்.

"இன்னா சாமி, எங்க ரெய்டு ஐயா சொன்னாரு, நீ பெரிய உத்தியோகத்துல கீறியாமே?"

"ஆமாம்" என்றேன், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு.

"ஐய, போ சாமி! அன்னிக்கு நீ போனப்புறம் நாங்க பேசிகினோம். பாவம், சும்மா கீறவரு நீதான், மூஞ்சிலயே தெரியுது. வெக்கப்பட்டுகினு அவரு மேல ஏத்திச் சொல்லிட்டே நீன்னு."